சூடு எங்கே போகிறது?

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் படுகிறது. அதே பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவரிலோ கையை வைத்துப் பாருங்கள். அங்கே சூடு இருக்கும். ஒரே பெட்டி ஒரு பக்கம் குளிரையும் மறு பக்கம் சூட்டையும் தருவது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களில் பலர் கேட்டிருப்பார்கள். இதற்கான விடை மிகவும் எளியது. குளிர் என்று தனியாக ஒரு பொருளை எந்த இயந்திரமும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருந்த சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அள்ளுகிற வேலைக்காக அது குடிக்கும் மின்சாரமும் முடிவில் சூடாக மாறி அதே இடத்தில் வந்து சேர்கிறது.

அல்லாஹ் படைத்த இவ்வுலகில் சூட்டை ஒழிக்கும் கருவியை எவரும் கண்டுபிடித்ததில்லை. சூட்டை இடம் மாற்றும் கருவிகள் மட்டுமே மனிதன் கையில் உள்ளன. ஆகவே குளிரூட்டும் சாதனம் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வீடு கேட்க வேண்டிய முதற் கேள்வி, "சூடு எங்கே போகிறது?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு தேவை வந்திருக்கிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோர ஊர்களில் கணனி இருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. படிப்புக்கு, கல்யாணக் காட் அச்சிட, வீடியோ வெட்டி ஒட்ட, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்க என்று பிள்ளைகள் அதன் முன்னால் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் கணனியும் சூடாகிறது. உடனே பிள்ளைகள் தண்ணீரால் குளிரூட்டும் கருவி ஒன்றைக் கேட்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்த பின்னர், அதனோடு "பெல்டியர்" என்ற மின்குளிர்த் தகட்டையும் சேர்த்தால் பனிக்கட்டி போல் குளிரும் என்கிறார்கள். காசு கொடுக்கும் வாப்பாவுக்கும், வீட்டுச் செலவைக் கட்டி நடத்தும் உம்மாவுக்கும் இது என்னவென்று விளங்கினால்தான் சரியான பதிலைச் சொல்ல முடியும்.

தோற்பையும் மண்பானையும்

மின்சாரம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதன் தண்ணீரைக் குளிர்வித்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெப்பமான ஒரு வேளையில் தோழர் ஒருவருடன் ஓர் அன்ஸாரியின் தோட்டத்துக்குச் சென்று, தோற்பையில் இரவு தங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று கேட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அங்கே வரும் "ஷன்னா" என்ற அரபுச் சொல்லுக்குப் பாவித்துப் பழசான தோற்பை என்று பொருள். புதிய தோற்பையை விடப் பழையது தண்ணீரை அதிகம் குளிர்விக்கும் என்று அரபு அகராதி ஆசிரியர்களும் விளக்கியிருக்கிறார்கள்.

பழைய தோலின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் மெல்லக் கசிந்து, காற்றுப் பட்டு ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் தனக்கு வேண்டிய சூட்டை உள்ளே உள்ள தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நம் உம்மம்மாமார் முற்றத்து நிழலில் வைத்த மண்பானையும் இதே வேலையைத்தான் செய்தது. இங்கே சூட்டை வெளியே சுமந்து செல்வது நீராவி. அதற்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை.

வட நைஜீரியாவில் முஹம்மத் பாஹ் அப்பா என்ற ஆசிரியர் இதை ஒரு சமூகப் பணியாகவே செய்தார். மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1995ல் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, மேலே ஈரத்துணி போட்டு, காய்கறி கெடாமல் காக்கும் வழியைப் பரப்பத் தொடங்கினார். அன்றன்று காய்கறி விற்கப் போக வேண்டியிருந்த சிறுமிகளுக்குப் பாடசாலை செல்ல நேரம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் மண்பானைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நம் ஊர்ப் பெண்கள் அனுபவத்தில் அறிவார்கள். வருட நடுப்பகுதியில் மேற்கே வயல்வெளியைக் கடந்து கச்சான் காற்று வரண்டு வீசும்போது பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். மாரி காலத்தில் வாடையடித்து, காற்றே ஈரமாக இருக்கும்போது அதே பானை அவ்வளவு குளிராது. காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் பானையின் தண்ணீர் ஆவியாக இடமில்லை. நம் கரையோரக் காற்றின் இந்த ஈரம்தான் கணனி விடயத்திலும் பின்னால் வந்து நிற்கப் போகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணனிக்கு ஏன் தண்ணீர்?

கணனியின் மூளையாக இருப்பது தீப்பெட்டி அகலமுள்ள ஒரு சில்லு. கடினமான வேலை செய்யும்போது அது சாதாரணமாக 65 வாட் முதல், பெரிய ரகமாக இருந்தால் 200 வாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் சூடாகவே வெளிவருகிறது. 100 வாட் குண்டு பல்பின் சூட்டை ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடைத்து வைத்ததாக நினைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கணனி நின்றுவிடும்.

சூட்டை அகற்ற வழக்கமாகச் சில்லின் மேல் ஓர் உலோகக் கட்டியும் சிறு பேனும் பொருத்தப்படுகின்றன. அது போதாத இடத்தில் தண்ணீர் வருகிறது. சில்லின் மேலுள்ள செப்புக் கட்டிக்குள் தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியே ஒரு ரேடியேட்டருக்குப் போகிறது. மோட்டார் வாகனத்தின் முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அங்கே பேன் காற்றடித்துச் சூட்டை அறைக்குள் தள்ளுகிறது. சிறு பம்ப் ஒன்று தண்ணீரை மீண்டும் சில்லுக்கு அனுப்புகிறது.

இது புதிய யோசனையல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1980ல் அறிவித்த 3081 என்ற பெருங்கணனி தண்ணீராலேயே குளிரூட்டப்பட்டது. அதைவிடச் சிந்திக்க வைப்பது, 2010ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அதே நிறுவனமும் அங்குள்ள கூட்டாட்சித் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் அமைத்த "அக்வாசார்" என்ற கணனி. அதைக் குளிரூட்ட உள்ளே அனுப்பிய தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ். தேநீருக்குச் சற்றுக் குறைந்த சூடு! சில்லு அதைவிடச் சூடாக இருப்பதால் அந்தத் தண்ணீரே அதற்குக் குளிராக இருந்தது. வெளியே வந்த சூடான தண்ணீர் குளிர் நாட்டுப் பல்கலைக்கழகக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது. சூடு எங்கே போகிறது என்ற கேள்வியை அவர்கள் முதலிலேயே கேட்டுவிட்டார்கள்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கணனிச் சில்லு பனிக்கட்டிக் குளிரைக் கேட்பதில்லை. 70, 80 பாகையிலும் அது நலமாக வேலை செய்யும். பெரும்பாலான சில்லுகளின் எல்லை 90க்கும் 100க்கும் இடைப்பட்டது. நம் ஊரின் 33 பாகைச் சூட்டில் உள்ள சாதாரணத் தண்ணீரே அதற்குத் தாராளமான குளிர்ச்சி.

பெல்டியர் தகட்டின் கதை

1821ல் ஜேர்மனியில் தோமஸ் சீபெக் என்பவர் ஒன்றைக் கவனித்தார். இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கியபோது பக்கத்தில் இருந்த திசைகாட்டி ஊசி அசைந்தது. சூட்டிலிருந்து மின்சாரம் பிறந்திருக்கிறது என்பது பின்னர் விளங்கியது. 1834ல் பிரான்ஸ் நாட்டின் ஜோன் பெல்டியர் இதன் மறுபுறத்தைக் கண்டார். இரு உலோகங்களின் இணைப்பினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் ஓர் இணைப்பு குளிர்கிறது, மற்றது சூடாகிறது. 1838ல் ரஷ்யாவில் எமில் லென்ஸ் பிஸ்மத், அந்திமனி என்ற உலோகங்களின் இணைப்பில் ஒரு துளித் தண்ணீரை வைத்து, மின்சாரம் செலுத்தி அதை உறைய வைத்தார். மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தியதும் அந்தப் பனிக்கட்டி உருகியது.

வெறும் உலோகங்களால் கிடைத்த குளிர் மிகச் சிறிது. அதனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது ஓர் ஆய்வுகூட விந்தையாகவே இருந்தது. 1954ல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் என்ற ஆய்வாளர் பிஸ்மத்தும் தெலூரியமும் சேர்ந்த குறைகடத்தியைப் பாவித்து நல்ல குளிர்ச்சியைக் காட்டிய பிறகே இது சந்தைப் பொருளானது. இன்று கடைகளில் கிடைக்கும் தகடு நான்கு சென்ரிமீற்றர் சதுரமானது. இரண்டு மெல்லிய பீங்கான் தகடுகளுக்கு நடுவே 127 சோடிக் குறைகடத்தித் துண்டுகள் இருக்கும். 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் ஒரு முகம் குளிரும், மறு முகம் கொதிக்கும். அசையும் உறுப்பு எதுவும் இல்லை. சத்தமில்லை, வாயு இல்லை. விலையும் குறைவு. பிள்ளைகள் இதில் மயங்குவதில் வியப்பில்லை.

ஆனால் இதன் கணக்கைப் பார்க்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு பொதுவாக ஒரு பங்குக்கும் மேலான சூட்டை அள்ளிவிடும். பெல்டியர் தகடு அப்படியல்ல. குளிர்ந்த பக்கத்துக்கும் சூடான பக்கத்துக்கும் இடைவெளி கூடக் கூட அதன் திறமை விழுந்துகொண்டே போகும். ஒரு பங்கு சூட்டை அள்ள ஒன்றரைப் பங்கு, இரண்டு பங்கு மின்சாரம் எடுப்பது சாதாரணம்.

உம்மாவின் கேள்வி

சாய்ந்தமருதில் ஓர் உம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்.

"மௌலவி, என்ட மகன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுற வேலை செய்யிறார். கொம்பியூட்டருக்குத் தண்ணிக் குழாய் போட்டுக் குடுத்தம். இப்ப அதுக்கு மேலே குளிர்ப் பிளேட்டும் போடணுமாம். கரண்ட் பில் என்னாகும்?"

"உம்மா, அது சின்னப் பிளேட்தானே" என்றான் மகன்.

"சின்னதுதான் தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன். ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் பார்த்தோம்.

அவனது கணனிச் சில்லு கடின வேலையில் 100 வாட் சூடு தருகிறது. ஒரு தகடு அதைத் தாங்காது. இரண்டு மூன்று வேண்டும். அவை சேர்ந்து 150 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டோம். இதுவரை தண்ணீர் சுமந்தது 100 வாட். இனிமேல் அது 250 வாட் சுமக்க வேண்டும். ஏற்கனவே இருந்த ரேடியேட்டர் அதற்குப் போதாது. பெரிதாக மாற்ற வேண்டும். கணனியின் மின்வழங்கியும் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும், அல்லது தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

அடுத்தது மின்கட்டணம். 150 வாட், நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம், முப்பது நாள். பெருக்கினால் 27 யுனிட் வருகிறது. சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று மாதம் முழுவதும் எடுக்கும் மின்சாரத்துக்கு அருகில் அது போகிறது. நம் நாட்டில் யுனிட் கூடக் கூட ஒவ்வொரு யுனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் முறை இருப்பதை உம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டபோது அந்தப் படிகளை ஒவ்வொரு வீடும் மனப்பாடமாக்கிக்கொண்டது.

மூன்றாவது, அறையின் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியிடுகிறது. 150 வாட் தகடு என்றால், மூடிய அறைக்குள் இரவு முழுக்க ஒன்றரை ஆளைக் கூடுதலாக உட்கார வைத்ததற்குச் சமம். "அந்த அறையில யார் படுக்கிறது?" என்று கேட்டேன். "என்ட உம்மா" என்றார் அந்தத் தாய். மகன் பேசாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சில்லுக்குக் குளிர் கிடைக்கும். சூடு உம்மம்மாவுக்குப் போகும். அதைத் தாங்க முடியாமல் இன்னொரு பேன் சுழலும். வசதியுள்ள வீடாக இருந்தால் ஏ.சி. பூட்டப்படும். அந்த ஏ.சி. தன் பங்குச் சூட்டையும் சேர்த்துப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஊதும்.

பெரிய நிறுவனங்கள் செய்து பார்த்தவை

வீட்டில் ஒரு பிள்ளை நினைத்ததைப் பெரிய நிறுவனங்களும் நினைத்தன. 2006ல் கனடாவின் கூல்ஐடி நிறுவனம் தண்ணீரையும் பெல்டியர் தகடுகளையும் சேர்த்து ஒரு கணனிக் குளிரூட்டியை விற்றது. 2007 ஜனவரியில் டெல் நிறுவனம் தன் விலையுயர்ந்த எக்ஸ்.பி.எஸ். 710 கணனி ஒன்றில் இதே முறையைப் பொருத்தியது. அவர்கள் சில்லை உறைய வைக்க முயலவில்லை. அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாமல் கட்டுப்படுத்தும் ஒரு சுற்றை அதற்குள் வைத்தார்கள்.

2020 நவம்பரில் இன்டெல் நிறுவனம் "கிரையோ" என்ற பெயரில் இதை இன்னும் துணிவாகக் கொண்டுவந்தது. ஸ்லோவேனியாவின் ஈ.கே. நிறுவனமும், கூலர் மாஸ்டர் நிறுவனமும் அதற்கான கருவிகளைச் செய்தன. தண்ணீர்க் குளிரூட்டலுடன் சேர்ந்த அந்தத் தகடு மட்டுமே ஏறத்தாழ 200 வாட் வரை மின்சாரம் எடுத்தது. காற்றின் ஈரத்தை அளக்கும் உணரியும், ஈரம் கூடினால் குளிர்ச்சியைக் குறைக்கும் மென்பொருளும் அதனுடன் வந்தன. மூன்று ஆண்டுகள் கூட நிலைக்கவில்லை. 2023ல் இன்டெல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

பணமும் பொறியியலாளர்களும் நிறைந்த நிறுவனங்கள் ஈரத்தை அளக்கும் உணரியை ஏன் வைத்தன? இதுதான் நம் கரையோர மக்கள் குறிப்பாக அறிய வேண்டிய விடயம்.

வியர்க்கும் தகடு

குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்த்து, மேசையில் தண்ணீர் தேங்கும். அது போத்தலுக்குள் இருந்து வந்த தண்ணீரல்ல. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீரானது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஒரு பொருள் இப்படி வியர்க்குமோ, அதைப் பாடப் புத்தகங்களில் பனிபடுநிலை என்பார்கள்.

காற்று 30 பாகைச் சூடும் 80 வீத ஈரப்பதமும் கொண்டிருந்தால் பனிபடுநிலை 26 பாகை. அதாவது அறையை விட நான்கு பாகை குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கத் தொடங்கும். கச்சான் வீசும் பகலில் 34 பாகைச் சூடும் 45 வீத ஈரமும் இருந்தால் அது 20 பாகைக்கு இறங்கும். காற்று திரும்பிக் கடற்பக்கம் இருந்து வீசினால் அந்த வசதியும் போய்விடும்.

இப்போது பெல்டியர் தகடு 10 பாகைக்குக் குளிர்ந்தால் என்ன ஆகும்? கணனியின் நடுவில், மின்சாரம் ஓடும் பலகையின் மேல், சோடாப் போத்தல் வியர்ப்பது போலத் தண்ணீர் சேரும். ஒரு துளி போதும், பலகை கருகுவதற்கு. கடற்காற்றில் உப்பும் கலந்திருப்பதால் செப்புக் கம்பிகள் பச்சைபிடித்து அரிக்கப்படுவதும் விரைவாகும். குளிர் நாட்டில் வரண்ட அறைக்குள் இருப்பவர் செய்து காட்டுவதைப் பார்த்து நம் பிள்ளை கல்முனையில் செய்தால், தகடு ஒன்றாக இருந்தாலும் காற்று வேறு.

இன்னோர் ஆபத்தும் உண்டு. தகட்டுக்குப் போகும் மின்சாரம் மட்டும் அறுந்து, கணனி ஓடிக்கொண்டே இருந்தால், அந்தத் தகடு சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு போர்வை போல் நின்று சூட்டைத் தடுக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் சில்லு வெந்துபோகும்.

தகட்டுக்கு ஏற்ற இடம்

அப்படியானால் இந்தக் கண்டுபிடிப்பு வீணா? இல்லை. அள்ள வேண்டிய சூடு சிறிதாகவும், சாதனம் சிறியதாகவும் இருக்கும் இடத்தில் இது நல்ல வேலைக்காரன்.

இந்தியாவின் கோத்ரெஜ் நிறுவனம் "சோட்டுகூல்" என்ற சிறு குளிர்ப்பெட்டியைச் செய்தது. 2008ல் மகாராஷ்டிர மாநிலத்தின் உஸ்மானாபாத் பகுதிக் கிராமப் பெண்களை அழைத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதை வடிவமைத்தார்கள். பெரிய குளிர்சாதனப் பெட்டி வாங்க வசதியில்லாத, மின்சாரம் அடிக்கடி போகும் வீடுகள் அவை. ஏறத்தாழ 43 லீற்றர் கொள்ளளவு, எட்டு கிலோவுக்கும் குறைந்த எடை, 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும். உள்ளே இருந்தது பெல்டியர் தகடுதான். கதவு முன்னால் இல்லாமல் மேலே இருந்தது. குளிர்ந்த காற்று கனமானதால், மேலே திறந்தால் அது வெளியே கொட்டிப்போகாது. வெளிச் சூட்டை விட ஏறத்தாழ 20 பாகை குறைவாகப் பாலையும் காய்கறியையும் அது வைத்திருந்தது.

இந்த 20 பாகை என்ற எண்ணை நம் வீடுகளும் நினைவில் கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர்கள் வாகனத்தில் வைக்கும் சிறு குளிர்ப்பெட்டிகளைக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் பல இதே தகட்டில் ஓடுபவை. வெளியே 33 பாகை என்றால் உள்ளே 13 பாகைதான் கிடைக்கும். பழத்துக்கும் தண்ணீருக்கும் அது போதும். நீரிழிவு நோயாளர்களின் திறக்கப்படாத இன்சுலின் குப்பிக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். ஆகவே அதை இத்தகைய பெட்டியை நம்பி மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் நடுத் தட்டில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். திறந்து பாவித்துக்கொண்டிருக்கும் குப்பியைப் பொதுவாக 30 பாகைக்குக் குறைந்த சூட்டில் ஏறத்தாழ நான்கு வாரம் வைக்கலாம். உங்கள் மருந்துக்கு உரிய அளவை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டைத் திருப்பிப் பாவித்தால் சூட்டிலிருந்து மின்சாரம் கிடைக்கும். 1950களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டைக் கொண்டு வானொலி கேட்டார்கள். 1977ல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் புளுத்தோனியத்தின் சூட்டை இவ்வாறே மின்சாரமாக்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி அனுப்பின. உரிய இடத்தில் வைத்தால் சிறியதும் பெரும் பணி செய்யும்.

செலவில்லாத குளிர்ச்சி

கணனி சூடாகிறது என்று பிள்ளை சொன்னால், காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது தூசி. நம் ஊரில் கடற்கரை மணலும் வீதித் தூசியும் சேர்ந்து கணனியின் பேனையும் ரேடியேட்டரையும் பஞ்சு போல் அடைத்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். பல வீடுகளில் நோய் இதுவாகவே இருக்கும்.

இரண்டாவது இடம். கணனியைச் சுவரோடும் அலுமாரிக்குள்ளும் நெருக்கி வைக்காதீர்கள். பின்புறம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குசினிச் சுவருக்கு மறுபக்கத்திலும், மேற்கு வெயில் விழும் ஜன்னலருகிலும் வேண்டாம். தூசி படாமல் அழகான துணியுறை தைத்துப் போடும் தாய்மாரே, கணனி ஓடும்போது அந்த உறையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, சில்லுக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே பூசும் பசை. சில ஆண்டுகளில் அது காய்ந்துபோகும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புதிதாகப் பூசினால் பல பாகை சூடு குறையலாம். தண்ணீர்க் குளிரூட்டி இருந்தால் பம்ப் ஓடுகிறதா, கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது நேரம். வெப்பம் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்றுப் பிற்படுத்தி, வெயில் தணிந்த வேளையில் தொழுமாறு நபியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். இதை "இப்ராத்" என்று பிக்ஹு நூல்களில் படிக்கிறோம். வெயிலைக் குறைக்க முடியாது. நம் நேரத்தை மாற்ற முடியும் என்பதை அந்த ஸுன்னத் நமக்குக் கற்றுத் தருகிறது. கணனிக்குக் கடினமான வேலையைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொடுக்காமல், ஸுபஹுக்குப் பின்னுள்ள குளிர்ந்த நேரத்தில் கொடுத்தால், காசில்லாமலே நான்கைந்து பாகை குறைகிறது. அந்த நேரத்து வேலையில் பரகத்தும் உண்டு.

யாருக்குச் சுமை?

ஸூரா அந்நஹ்லில் நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் உடையையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாக எடுத்துக் காட்டுகிறான். குளிர்ச்சியைத் தேடுவது பாவமல்ல. குளிர்ந்த பானத்தை நபியவர்கள் விரும்பினார்கள் என்பதும் ஹதீஸ்களில் உண்டு. அறிவியலைக் கற்று, ஒரு தகட்டை வைத்துச் சோதனை செய்து பார்க்கும் பிள்ளையை ஏசவும் கூடாது. பழைய பற்றரி ஒன்றையும் ஒரு தகட்டையும் கொடுத்து, ஒரு துளித் தண்ணீரை உறைய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 1838ல் லென்ஸ் கண்டதை அவன் நம் வீட்டு மேசையில் காணட்டும். சூடான பக்கத்துக்கு உலோகக் கட்டி வைக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். கையும் சுடும், தகடும் உடையும்.

ஆனால் தேவைக்கு மேலே போவது வீண்விரயம். பிறருக்குத் தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது ஷரீஅத்தின் பொது விதிகளில் ஒன்று. நாம் தள்ளிவிடும் சூடு காற்றில் மறைந்துவிடுவதாக எண்ணுகிறோம். அது அடுத்த அறையில் படுத்திருக்கும் முதியவரிடம் போகிறது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகிறது. மாத முடிவில் உம்மாவின் கையிலுள்ள பில்லுக்குப் போகிறது. ஏற்கனவே அடுப்படியில் நாளெல்லாம் வேகும் பெண்ணின் மேல் வீட்டுச் சூட்டின் பெரும் பங்கு விழுகிறது என்பதை ஆண்கள் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளார்கள். குசினிக்கு ஒரு நல்ல காற்றுப்போக்கி வைக்காத வீட்டில், கணனிச் சில்லுக்குப் பனிக்கட்டிக் குளிர் கேட்பது நியாயமாகுமா?

அந்தச் சாய்ந்தமருது மகன் தகட்டை வாங்கவில்லை. ரேடியேட்டரைத் துடைத்து, பசையை மாற்றி, மேசையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருப்பதாகப் பின்னர் சொன்னான். மிஞ்சிய காசில் குசினிச் சுவரில் ஒரு காற்றுப்போக்கிப் பேன் பூட்டியிருக்கிறார்கள்.

சூட்டைப் படைத்தவனும் குளிரைப் படைத்தவனும் அல்லாஹ்வே. இரண்டையும் அளவறிந்து பாவிக்கும் அறிவையும், நம் வசதியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்க்கும் கண்ணையும் அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.